குதிரை அவருடையது, பயிற்சியும் அவருடையது... லைசென்ஸ் மட்டும் ஊழியர் பெயரில்! - ஃப்ளாரன்ஸ் நேகிள் போட்ட வழக்கு

குன்றத்தூர் பக்கம் ஒரு சின்ன கேட்டரிங் யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் அடுப்பைப் பற்றவைப்பது அந்த வீட்டு அம்மா. மெனு போடுவது, காய்கறி விலை பேசுவது, வேலைக்கு வருபவர்களுக்குச் சம்பளம் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர்தான். ஆர்டர் கொடுப்பவர்களும் அவருடைய செல்லுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆனால், சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்தால் அதில் இருப்பது கணவர் பெயர். ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, க்யூஆர் கோடு எல்லாமே அதே பெயரில்தான். கேட்டால், "யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம குடும்பம்தானே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனாலும் இதைப் படிக்கும்போது யாராவது ஓர் அத்தையோ சித்தியோ உங்களுக்கு ஞாபகம் வந்திருப்பார்.

இந்த 'யார் பேர்ல இருந்தா என்ன' என்ற பேச்சுக்கு, சுமார் 60 ஆண்டுகளுக்கு முன்பு, கோர்ட் வரை போய் பதில் வாங்கியவர் ஒரு பெண். அப்போது அவருக்கு வயது 71. ஊர் இங்கிலாந்து. தொழில், பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பது. பெயர் ஃப்ளாரன்ஸ் நேகிள்.

யார் இந்த ஃப்ளாரன்ஸ் நேகிள்?

1894-ல் பிறந்தவர். அப்பா பெரிய பால் பொருள் வியாபாரி, பணத்துக்குக் குறைவில்லை. வீட்டு எதிர்ப்பை மீறி, முதல் உலகப் போர் காலத்தில் ஒரு ராணுவ வீரரைத் திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணம் பிற்பாடு விவாகரத்தில் முடிந்தது. அவருடைய வாழ்க்கையில் கடைசிவரை நிலைத்து நின்றவை இரண்டு: நாய்கள், குதிரைகள்.

ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் என்ற உயரமான வேட்டை நாய் இனத்தை வளர்ப்பதில் அவர் பெயர் பெற்றவர். பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது 1920-ல். அதில் எந்த அளவுக்குக் கெட்டிக்காரர் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1937-ல் இங்கிலாந்தின் மிகப் பெரிய குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பியில் அவருடைய 'சாண்ட்ஸ்பிரைட்' ஓடியது. 'இதெல்லாம் எங்கே ஜெயிக்கப்போகிறது' என்று ஒன்றுக்கு நூறு என பந்தயக்காரர்கள் ஒதுக்கிவைத்த குதிரை அது. இரண்டாவதாக வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. அந்த ஆண்டு முதலில் வந்த 'மிட்டே சன்' குதிரையின் உரிமையாளரும் ஒரு பெண்தான். அதாவது, நாட்டின் பெரிய பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவை பெண்களுடைய குதிரைகள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெண் பணம் போடலாம், குதிரை வாங்கலாம், கோப்பையோடு போட்டோவுக்கு நிற்கலாம். ஆனால், அந்தக் குதிரையை ஜெயிக்கும் குதிரையாக மாற்றியது ஒரு பெண் என்று ரெக்கார்டில் எழுத மட்டும் கூடாது.

லைசென்ஸ் இல்லாமல் எப்படி வேலை செய்தார்?

பிரிட்டனில் குதிரைப் பந்தயத்தை அப்போது கட்டுப்படுத்தியது 'ஜாக்கி கிளப்' என்ற தனியார் அமைப்பு. பந்தயத்தில் ஓடும் குதிரைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமானால் இந்த கிளப்பின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் தயார் செய்த குதிரையைப் பந்தயத்தில் இறக்க முடியாது. சுருக்கமாகச் சொன்னால், அந்த கிளப் வேண்டாம் என்றால் தொழிலே கிடையாது.

பெண்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று விதிப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அது எழுதாத வழக்கம். விண்ணப்பித்தால் மறுப்பார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் எப்படி பெண்கள் பயிற்சி கொடுத்தார்கள்? இங்கேதான் விஷயம் வேடிக்கையாகிறது. லாயத்தில் வேலை பார்க்கும் தலைமை ஊழியரின் பெயரில் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னது கிளப். ஆண் என்பதால் அவருக்குக் கிடைக்கும். நேகிளிடம் சம்பளம் வாங்குபவர், நேகிள் சொன்னபடி செய்பவர், சட்டப்படி 'பயிற்சியாளர்'. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்து, அவரை வேலைக்கு வைத்திருப்பவர் சட்டப்படி யாரும் இல்லை.

இது எல்லோருக்கும் தெரியும். கிளப்புக்கும் தெரியும். தெரிந்தே நடந்த நாடகம்.

நேகிள் மட்டும் இல்லை. நோரா வில்மட் என்பவர் அப்பாவின் லாயத்தை எடுத்து நடத்தி, 1930-களில் இருந்து இதேபோல வேறொருவர் பெயரில் பயிற்சி கொடுத்துவந்தார். ஹெலன் ஜான்சன் ஹாட்டன் என்பவர் கணவர் இறந்தபின் லாயத்தைத் தாங்கிப் பிடித்தார். 1956-ல் 'டூ தவுசண்ட் கினீஸ்' என்ற பெரிய பந்தயத்தை அவருடைய லாயத்துக் குதிரை ஜெயித்தபோது, ரெக்கார்டில் பயிற்சியாளர் என்ற இடத்தில் ஏறியது ஓர் ஆணின் பெயர்.

சரி, பெயர்தானே போச்சு?

இப்படிக் கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். வேலை நடக்கிறது, குதிரை ஓடுகிறது, வருமானம் வருகிறது. ஒரு காகிதத்துக்காக இவ்வளவு பிடிவாதமா?

இதற்குப் பதில் சொல்ல, பயிற்சியாளர் என்பவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். குதிரைக்கு என்ன தீனி, எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்வது அவர். தினமும் காலையில் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதும், காலில் லேசான வீக்கம் தெரிந்தால் ஓய்வா, டாக்டரா என்பதும் அவர் முடிவு. எந்தப் பந்தயத்தில் இறக்கலாம், அந்தத் தூரமும் தரையும் இந்தக் குதிரைக்கு ஒத்துவருமா, எந்த ஜாக்கியை ஏற்றலாம் என்று பார்ப்பதும் அவர்தான். குதிரைக்குத் தடை செய்யப்பட்ட மருந்து கொடுக்கப்பட்டது தெரிந்தால் முதலில் மாட்டுவதும் அவரே. ஒரு வீட்டுக்குத் தாய் மாதிரி, ஒரு டீமுக்குக் கோச் மாதிரி.

இப்படிப்பட்ட வேலையில் பெயர்தான் முதலீடு. குதிரை வைத்திருப்பவர், யார் எத்தனை பந்தயம் ஜெயித்தார் என்று ரெக்கார்டைப் பார்த்துத்தான் பயிற்சியாளரைத் தேடி வருவார். அந்த ரெக்கார்டு உங்கள் ஊழியர் பெயரில் ஏறினால், 40 ஆண்டு உழைப்புக்குப் பிறகும் உங்கள் கணக்கு பூஜ்யம். ஊழியர் நாளைக்கே வேலையை விட்டுப் போனால் லைசென்ஸும் அவரோடு போகும். அடுத்தவரைத் தேடிப்பிடித்து, அவருக்கு லைசென்ஸ் கொடுங்கள் என்று மறுபடியும் அதே கிளப் வாசலில் நிற்க வேண்டும். பெயர் போனால் பிடிமானமே போகும் என்பதால்தான் நேகிள் விடவில்லை.

கோர்ட்டில் என்ன நடந்தது?

பல ஆண்டுகள் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, கடைசியில் ஜாக்கி கிளப் நிர்வாகிகள் மீது நேகிள் வழக்குப் போட்டார். கிளப் தரப்பு வைத்த வாதம் எளிமையானது: 'எங்களுக்கும் இந்த அம்மாவுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. நாங்கள் தனியார் கிளப். யாருக்கு லைசென்ஸ் கொடுப்பது என்பது எங்கள் இஷ்டம். இந்த வழக்கு விசாரணைக்கே தகுதி இல்லாதது.'

கீழ் நிலையில் இந்த வாதம் எடுபட்டது. வழக்கு தள்ளுபடி ஆனது. நேகிள் அப்பீல் போனார். 1966 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டில் நீதிபதிகள் டென்னிங், டாங்க்வெர்ட்ஸ், சால்மன் ஆகிய மூவரும், வழக்கை விசாரித்தே ஆக வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

டென்னிங் சொன்னதன் சாரம் இன்றைக்கும் பொருந்தும். நாலு பேர் கூடி அரட்டையடிக்கும் கிளப், யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், மறுக்கலாம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் யாருடைய பிழைப்பும் கெடப்போவதில்லை. ஆனால், ஒரு தொழில் முழுவதையும் கையில் வைத்திருக்கும் அமைப்பு அப்படி நடக்க முடியாது. ஒருவருக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. அதைக் காரணமே இல்லாமல் தட்டிப் பறிப்பதை கோர்ட் வேடிக்கை பார்க்காது. சால்மன் இன்னும் பளிச்சென்று சொன்னார்: பெண் என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது, தலைமுடி நிறத்தைக் காரணம் காட்டி மறுப்பதற்குச் சமம்.

இது இறுதித் தீர்ப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோர்ட் சொன்னது, 'இந்த வழக்கை விசாரிக்கலாம்' என்பது மட்டுமே. ஆனால், விசாரணை நடந்தால் தங்கள் எழுதாத வழக்கத்துக்கு என்ன நியாயம் என்று கூண்டில் நின்று சொல்ல வேண்டிவரும் என்பது கிளப்புக்குப் புரிந்தது. அதே ஆண்டு கோடையில் இறங்கிவந்தது. நேகிளுக்கும் நோரா வில்மட்டுக்கும் லைசென்ஸ் கிடைத்தது. அந்த ஆகஸ்ட் மாதமே வில்மட்டின் 'பேட்' என்ற குதிரை பிரைட்டனில் ஜெயித்தது. பிரிட்டனில் ஒரு பெண் பயிற்சியாளரின் சொந்தப் பெயரில் பதிவான முதல் வெற்றி அது.

17 ஆண்டுகள் கழித்து, 1983-ல், உலகின் கடினமான பந்தயங்களில் ஒன்றான கிராண்ட் நேஷனலை ஜென்னி பிட்மன் பயிற்சி கொடுத்த 'கார்பியர்' ஜெயித்தது. அந்தப் பந்தயத்தில் ஒரு பெண் பயிற்சியாளருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அதற்கு முன்னால் இத்தனை ஆண்டுகளாகத் திறமையான பெண்கள் இல்லை என்று நினைத்தால் தவறு. இருந்தார்கள். ரெக்கார்டில்தான் இல்லை.

நேகிள் அதோடு ஓயவில்லை. நாய் வளர்ப்போருக்கான 'கென்னல் கிளப்' பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்காமல் தனிக் கிளையில் ஒதுக்கி வைத்திருந்தது. 80 வயதைத் தாண்டிய பிறகு அந்த அமைப்போடும் மோதினார். 1979-ல் அந்தக் கதவும் திறந்தது. 1988-ல், 94 வயதில் காலமானார்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை

இது ஏதோ ஒரு நாட்டின் பழைய பஞ்சாயத்து அல்ல. 1938-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையை 'கேட்டலாக்' என்ற குதிரை ஜெயித்தது. அதைத் தயார் செய்தவர் நியூஸிலாந்தைச் சேர்ந்த திருமதி மெக்டொனால்ட். அங்கே பெண்களுக்கு லைசென்ஸ் இல்லாததால், பயிற்சியாளர் என்று பதிவானது அவருடைய கணவர் பெயர். மெல்போர்ன் கோப்பையில் ஒரு பெண் பயிற்சியாளரின் பெயர் வெற்றியாளராக முறைப்படி ஏற 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெயர் ஷீலா லாக்ஸன், குதிரை 'எத்தீரியல்'.

கை வாட்டர்ஹவுஸ் கதை இன்னும் ஒரு படி மேலே. அவருடைய அப்பா ஆஸ்திரேலியாவின் பெரிய பயிற்சியாளர். அவரிடமே தொழில் கற்றவர். ஆனால், அவருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. காரணம், அவர் செய்த தவறு எதுவும் இல்லை. அவருடைய கணவர் ஒரு பந்தய மோசடி விவகாரத்தில் தடை செய்யப்பட்டவர். 'இன்னாருடைய மனைவி' என்பதே தகுதிக் குறைவாகிவிட்டது. அவரும் சட்டத்தின் கதவைத் தட்டி, 1992-ல் லைசென்ஸ் வாங்கினார். 2013-ல் அவருடைய 'ஃபியோரெண்டே' மெல்போர்ன் கோப்பையை ஜெயித்தது.

ஒரு இடத்தில் புருஷன் பெயரில் போடு என்கிறார்கள். இன்னொரு இடத்தில் புருஷன் சரியில்லை, போ என்கிறார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணின் வேலை எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

கிண்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குன்றத்தூரில் இருந்து போரூர் வழியாகக் கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து கிண்டியில் இறங்குகிறவர்களுக்கும் ரேஸ் கோர்ஸ் பழக்கமான அடையாளம். 2024-ல் நிலக் குத்தகை விவகாரத்தில் செய்திகளில் அடிபட்ட அதே இடம்தான்.

நம் ஊரில் ரேஸ் என்றால் குடும்பத்தைக் கெடுக்கும் சூதாட்டம் என்ற எண்ணமே முதலில் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயத்தின் முடிவு முக்கியமாகத் திறமையைப் பொறுத்தது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றது கோர்ட். குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும், ஓட்டுபவரின் சாமர்த்தியமும் அந்தத் திறமைக் கணக்கில் வருபவை.

பந்தயம் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால், பயிற்சி என்பது ஒரு திறமை என்று ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி தானாக வரும்: அந்தத் திறமை யாருடையதோ, அவருடைய பெயர்தானே காகிதத்திலும் இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. குதிரை லாயத்தில் அல்ல, சினிமா செட்டில். மும்பையில் சினிமா மேக்கப் கலைஞர்களின் சங்கம், பெண்களுக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கார்டு கொடுக்காமல் பல பத்தாண்டுகள் ஓட்டியது. பெண் என்றால் ஹேர் டிரெஸ்ஸர் மட்டும்தான். கார்டு இல்லாவிட்டால் செட்டில் வேலை செய்ய விடமாட்டார்கள். வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு வந்த சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம் போனார். 2014 நவம்பரில், அந்த விதி செல்லாது என்று கோர்ட் சொன்னது. நேகிள் கேட்ட அதே கேள்விதான் இதுவும். ஒரு தொழிலின் வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சங்கம், 'நாங்கள் தனியார்' என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்பதுதான் அது.

அப்படியானால் சங்கங்களுக்கு யாரையும் மறுக்கும் உரிமையே இல்லையா? உண்டு. ஊக்கமருந்து கொடுக்கும் பயிற்சியாளரை, குதிரையைக் கொடுமைப்படுத்துபவரை, மோசடி செய்பவரைத் தடுக்கத்தான் லைசென்ஸே இருக்கிறது. அந்த அதிகாரம் வேண்டும். ஆனால், மறுப்பதற்கான காரணம் வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் காரணம் காட்டினால், அது ஒழுங்குமுறை இல்லை, அடாவடி.

நம் வீட்டில் யார் ஜாக்கி கிளப்?

இன்றைக்கு ஒரு பெண் தன் பெயரில் தொழில் தொடங்க எந்தச் சட்டமும் தடை போடவில்லை. நேகிளுக்கு இருந்த கஷ்டம் நமக்கு இல்லை. அப்படியிருந்தும் காகிதத்தில் அப்பா பெயர், அண்ணன் பெயர், கணவர் பெயர் ஏறுகிறது. விரட்ட ஜாக்கி கிளப் இல்லாத இடத்தில் அந்த வேலையை வீடே செய்கிறது. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை. 'பேங்க்குக்கு யார் அலைவது', 'ஆடிட்டரிடம் யார் பேசுவது' என்ற சௌகரியத்தில் தொடங்கி, அப்படியே நிலைத்துவிடுகிறது.

இதன் தலைகீழ் வடிவமும் நமக்குத் தெரியும். உள்ளாட்சியில் தமிழ்நாட்டில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆனாலும் தலைவி நாற்காலியில் உட்கார, கணவர் முடிவெடுக்கும் ஊர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. அங்கே பெயர் பெண்ணுடையது, அதிகாரம் ஆணுடையது. நேகிளின் லாயத்தில் வேலை பெண்ணுடையது, பெயர் ஆணுடையது. இரண்டு இடத்திலும் பெயரும் வேலையும் ஒரே ஆளிடம் இல்லை. கோளாறு அதில்தான்.

இதில் இழப்பு வெறும் கௌரவம் மட்டும் இல்லை. தனிநபர் தொழில் என்றால், அதன் கடன் வரலாறு யார் பேன் எண்ணில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேரும். பத்து வருடம் கரண்டி பிடித்தவர் தனியாகக் கடன் கேட்டுப் போனால், வங்கியின் கண்ணில் அவர் நேற்றுத் தொழில் தொடங்கியவர்கூட இல்லை. மத்திய அரசு நிறுவனங்கள் செய்யும் கொள்முதலில் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கணவருடையதாக இருந்தால் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. குடும்பத்தில் ஒரு சண்டை, ஒரு சாவு, ஒரு பிரிவு வந்தால், 'நம்ம குடும்பம்தானே' என்ற அந்தப் பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

ஆகவே, இந்த வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்களோ, வீட்டில் இருக்கிறவர்களோ ஒரு சின்ன வேலை செய்யலாம். அம்மாவோ, அக்காவோ, மனைவியோ நடத்தும் தொழில் ஏதாவது இருந்தால், அதன் உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, க்யூஆர் கோடு யார் பெயரில் இருக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள். பெயர் மாற்றக் கொஞ்சம் அலைச்சல் ஆகும். சில இடங்களில் புதிதாகவே பதிவு செய்ய வேண்டிவரும். ஆனால், அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, 71 வயது வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

"யார் பேர்ல இருந்தா என்ன?" என்று அப்போதும் யாராவது கேட்பார்கள். யார் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான் என்றால், வேலை செய்கிறவர் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.